வீட்டில் ஒரே மொழி என்று நான் எழுதிக் கொடுத்த டிக்கெட்

1. மூன்று வியாதிகள்

கல்கத்தாவில் ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நான் உளவியலாளராகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். முதல் நாள் காலை எனக்கு ஒரு மேஜையும், மூன்று கால் மட்டும் உறுதியாக இருந்த ஒரு நாற்காலியும், சாவி தொலைந்துபோன ஒரு டெஸ்ட் பெட்டியும் கொடுத்தார்கள். பெட்டிக்குள் பதினாறு மரக்கட்டைகள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று இருந்தன. மீதி மூன்று எங்கே என்று கேட்டதற்கு, எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பத்து வருஷமாகப் பதின்மூன்றை வைத்துத்தான் குழந்தைகளின் புத்தியை அளந்தார், ஒரு குழந்தைகூடப் புகார் சொன்னதில்லை என்று பதில் வந்தது.

எங்கள் துறைத் தலைவரைப் பெரிய டாக்டர் என்றே இங்கே சொல்கிறேன். அவருக்கும் அதுதான் பிடிக்கும். அறைக் கதவிலிருந்து அவர் மேஜை எட்டடி தூரம். உள்ளே வரும் குழந்தை ஐந்தாவது அடியை எடுத்து வைப்பதற்குள் அதற்கு என்ன வியாதி என்று முடிவாகிவிடும். அவர் கைவசம் மொத்தம் மூன்று வியாதிகள் இருந்தன. மெதுவாக வந்தால் எம்.ஆர்., ஓடி வந்தால் நாட்டி, அதாவது வெறும் குறும்பு, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தால் அம்மா சரியில்லை. எம்.ஆர். என்பது மூளை வளர்ச்சி குறைவு என்பதற்கு அந்தக் காலத்தில் நாங்கள் எழுதிய சுருக்கம். இன்று அப்படி எழுதினால் வேலை போய்விடும், போகவும் வேண்டும்.

"சார், பிரசவத்துல இருந்து எல்லா ஹிஸ்டரியும் எடுக்கணுமே?" என்று முதல் நாளே வாயைக் கொடுத்தேன். அவர் வங்காளத்தில் சொன்ன பதிலை நம் பாஷையில் சொல்கிறேன்.

"அரே பாபா சுப்ரமணியம், வெளியே அறுபது பேர் நிக்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஹிஸ்டரி எடுத்தா, கடைசிக் குழந்தை மீசையோடதான் உள்ளே வரும்."

சுப்ரமணியம் என் அப்பா. என் பெயர் பங்கஜம். என் பெயருக்குப் பின்னால் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று பெரிய டாக்டர் முதல் நாளே முடிவு செய்துவிட்டதால், ஓய்வு பெறும்வரை என்னை என் அப்பாவாகவே கூப்பிட்டார். அந்த டயக்னாஸிஸையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இன்னொரு ஏற்பாட்டையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். வெளிநோயாளிச் சீட்டுக்கு அங்கே டிக்கெட் என்று பெயர், விலை இரண்டு ரூபாய். நாங்கள் எழுதுவதெல்லாம் அதில்தான். எழுதியதும் அதை நோயாளியின் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுவோம். எங்களிடம் நகல் கிடையாது. நாங்கள் போன வருஷம் என்ன உளறினோம் என்பது நோயாளி வீட்டு அலமாரிக்குத்தான் தெரியும். இவ்வளவு சௌகரியமான ஏற்பாட்டை வேறு எந்த உத்தியோகத்திலும் நான் பார்த்ததில்லை.

2. எனக்குக் கொம்பு முளைத்த கதை

சேர்ந்த இரண்டாம் வருஷம், ஜாதவ்பூரிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் வந்தான். ஏழு வயது, அப்பா வங்கி அதிகாரி, ஊர் ஊராக மாற்றலில் சுற்றும் குடும்பம். எம்.ஆர். என்று ஏற்கெனவே எங்கள் ஆஸ்பத்திரியே முத்திரை குத்தியிருந்தது. டெஸ்ட் நடந்தது வங்காளத்தில். பையன் ஊருக்கு வந்து அப்போது ஐந்து மாதம்.

நான் அதே டெஸ்டைத் தமிழில் வைத்தேன். "அம்மா சாமான் வாங்கிட்டு வரச் சொன்ன கடை மூடியிருக்கு. என்ன பண்ணுவே?" இதற்கு 'வேறு கடைக்குப் போவேன்' என்று சொன்னால் முழு மார்க் என்று புத்தகம் சொல்கிறது.

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஒரு கடை மூடியிருந்தா பந்த்னு அர்த்தம் ஆன்ட்டி. எல்லாக் கடையும்தான் மூடியிருக்கும். வேற கடைக்குப் போனா அடி விழும். வீட்டுக்கு வந்துடுவேன்."

புத்தகப்படி இதற்குப் பூஜ்யம். புத்தகம் எழுதியவர் ஐந்து மாதம் கல்கத்தாவில் இருந்ததில்லை. நான் முழு மார்க் போட்டேன். மற்றக் கேள்விகளுக்கும் அவன் இப்படித்தான் டாண் டாண் என்று பதில் சொன்னான். கூட்டிப் பார்த்தால் வகுப்பில் முதல் ஐந்தில் வரவேண்டிய பையன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பெரிய டாக்டர் கோபப்படவில்லை. "நல்லதாப் போச்சு, இனிமே மதராஸிக் கேஸெல்லாம் நீயே பாரு," என்று தன் அறுபதில் இரண்டைக் குறைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான், ஊரிலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் நான் 'நம்ம டாக்டரம்மா' ஆகிவிட்டேன். நான் டாக்டர் இல்லை என்று முதல் சில மாதங்கள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் திருத்துவதை நிறுத்திவிட்டேன், காதுக்கு இதமாக இருந்தது. ஒரு பொங்கல் விழாவில் மேடையேற்றி, 'மாற்றலாகி வரும் குடும்பங்களின் குழந்தைகளும் மொழிக் குழப்பமும்' என்று பேசச் சொன்னார்கள். நாற்பது நிமிஷம் பேசினேன். பாவம், வெண்பொங்கல் ஆறிப்போயிற்று.

அதன் பிறகு எந்தத் தமிழ்க் குழந்தை வந்தாலும் எனக்கு பாஷைதான் கண்ணில் பட்டது. மந்தமா? பாஷைக் குழப்பம். பிடிவாதமா? பாஷைக் குழப்பம். பெரிய டாக்டரிடமாவது மூன்று வியாதிகள் இருந்தன, என்னிடம் ஒன்றே ஒன்று. அவரைக் கேலி செய்து நான் வீட்டில் சொன்ன கதைகளுக்குக் கணக்கே இல்லை.

3. ஏழு நிமிஷம்

செல்வி வந்தது ஒரு மழை நாளில். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண், இருபத்துநாலு இருபத்தைந்து வயது. கணவர் முருகேசனுக்கு சிக்னல் பிரிவில் வேலை, லீவு கிடைக்கவில்லை. இடுப்பில் மலர்விழி, மூன்று வயதுக்கு இரண்டு மாதம் குறைவு.

"பேசவே மாட்டேங்குறா மேடம். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குறா. காது டாக்டர்ட்ட காட்டியாச்சு, காது நல்லாருக்குன்னுட்டாக."

குழந்தையை மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தேன். அவள் என் பதின்மூன்று கட்டைகளையும் மேஜை விளிம்பில் ஒரே வரிசையாக அடுக்கினாள். கலைத்துவிட்டு மறுபடியும் அதே வரிசை, அதே ஓரம். நான் ஒன்றை எடுத்தேன். வீல் என்று கத்தினாள். என்னைப் பார்த்துக் கத்தவில்லை, கட்டை இருந்த இடத்தைப் பார்த்துக் கத்தினாள். 'கவனம் நன்றாக உள்ளது' என்று எழுதிக்கொண்டேன். அப்படித்தான் எழுதினேன், இன்னும் நினைவிருக்கிறது.

"எதையும் விரல் நீட்டிக் காட்ட மாட்டேங்குறா மேடம். தண்ணி வேணும்னா என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி சொம்பு மேல வச்சிருவா. என் மூஞ்சியப் பாக்கவே மாட்டா. கை மட்டும் இருந்தாப் போதும் அவளுக்கு."

நான் சிரித்தேன். "உங்களை நல்லா வேலை வாங்குறா, கெட்டிக்காரி," என்றேன்.

இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் இருந்தவர்கள் இந்த இடத்தில் பல்லைக் கடிப்பார்கள். கடியுங்கள். ஒரு தாய் ஆட்டிசத்தின் அடையாளங்களைப் பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக வரிசையாகச் சொல்கிறாள், எதிரே உட்கார்ந்திருக்கும் நிபுணி நகைச்சுவை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெயரை நான் படிக்கும் காலத்தில் ஒரு பத்தியில் பார்த்திருக்கிறேன். பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போயிருந்தேன்.

அப்புறம் எனக்குப் பிடித்த கேள்வியைக் கேட்டேன். "வீட்ல என்ன பாஷை?"

"வீட்ல தமிழுதான். பக்கத்து வீடு தெலுங்கு. வேலை செய்ற மாஸி பெங்காலி. டி.வி. இந்தி. அவுக அப்பப்ப இங்கிலீஷ்ல ஏபிசிடி சொல்லிக் குடுக்காக."

ஐந்து! என் முகத்தில் விளக்கெரிந்திருக்கும். "பின்னே எப்படிம்மா பேசும்? அஞ்சு பாஷைல எதைப் பிடிச்சுக்கும், பாவம்?" என்று ஆரம்பித்தேன். பொங்கல் விழாச் சொற்பொழிவின் சுருக்கப் பதிப்பைச் சொன்னேன். டிக்கெட்டில் எழுதினேன்: பல மொழிச் சூழலால் பேச்சுத் தாமதம். பயப்பட ஒன்றுமில்லை. வீட்டில் ஒரே மொழி, தாய் இடைவிடாமல் பேச வேண்டும். தேவைப்பட்டால் வரவும். கீழே கையெழுத்து, சீல்.

கதவருகில் போய்ச் செல்வி திரும்பினாள். "வேற ஒண்ணும் இல்லல்ல மேடம்?"

"ஒண்ணுமில்லம்மா. இன்னும் ஒரு வருஷத்துல இவ வாயை மூட வைங்கன்னு நீங்களே என்கிட்ட வருவீங்க."

அவள் சிரித்தாள். அறைக்குள் வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. அவளுக்கு நான் ஒதுக்கியது மொத்தம் ஏழு நிமிஷம். பெரிய டாக்டரைவிட ஐந்து நிமிஷம் அதிகம் என்று எனக்குப் பெருமை வேறு.

4. பயிற்சி வகுப்பு

ஒன்றரை வருஷம் கழித்து அலிப்பூரில் ஒரு ஹாலில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு பெண் டாக்டர் ஆட்டிசத்தைப் பற்றி வகுப்பெடுத்தார். வீடியோ போட்டுக் காட்டினார். அதில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை தன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்க்காமல், இழுத்துக்கொண்டு போய் பிஸ்கட் டப்பா மேல் வைத்தது.

"இதைப் பார்த்தா விடாதீங்க," என்றார் அந்த டாக்டர். "பேச்சு எந்தக் காரணத்தாலும் தாமதமாகலாம். ஆனா பேச்சு வராத குழந்தை விரலால பேசும், கண்ணால பேசும். நாயைக் காட்டும், காட்டிட்டு நீங்க பாக்குறீங்களான்னு உங்க முகத்தைத் திரும்பிப் பாக்கும். அது இல்லைன்னா உடனே பாக்கணும். சீக்கிரம் ஆரம்பிச்சா சொல்லிக் கொடுக்கறதுக்கு எவ்வளவோ இருக்கு."

நோட்டுப் புத்தகத்தில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். இந்த ஊரில் இதெல்லாம் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று பக்கத்துச் சீட்டுக்காரியிடம் அலுத்துக்கொண்டேன். இடைவேளையில் ஃபிஷ் ஃப்ரை கொடுத்தார்கள், நன்றாக இருந்தது. செல்வியின் நினைவு எனக்கு வரவேயில்லை.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பயிற்சிக்குப் போய் வந்தால் கண் திறந்துவிடும் என்று இப்போதும் பலர் நினைக்கிறார்கள். என்னிடம் அடுத்து வரப்போகும் குழந்தைகளைத்தான் என் கண் தேடியது, அனுப்பிவிட்ட குழந்தைகளை அல்ல.

5. மூடிய சன்னல்

அடுத்த கோடையில் முருகேசன் என் அறைக்குள் வந்து ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜையில் வைத்தார். பின்னால் ஒரு பெண்ணும், காதைப் பொத்திக்கொண்டு ஐந்து வயதுக் குழந்தை ஒன்றும். அந்தப் பெண் இளைத்துக் கறுத்திருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"மேடம், நீங்க ரெண்டு வருஷம் முன்னாடி எழுதிக் குடுத்தது. இவ ஒழுங்காச் செய்யலை. நர்சரில சேத்தோம், மூணே நாள்ல திருப்பி அனுப்பிட்டாங்க. தாய் சரியாப் பேசிப் பழக்கலைன்னு எங்கம்மாவும் சொல்றாங்க. நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்க."

உறைக்குள் டிக்கெட். மடிப்புகூடக் கலையாமல் வைத்திருந்தார்கள். யாரடா இப்படி எழுதியது என்று பார்த்தேன். என் கையெழுத்து.

"உக்காருங்கம்மா. என்னென்ன பண்ணுனீங்க, சொல்லுங்க," என்றேன்.

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க சொன்ன மறுநாளே மாஸிய நிப்பாட்டிட்டேன் மேடம். டி.வி.ய வித்தாச்சு. பக்கத்து வீட்டு லட்சுமியக்கா தினம் வந்து பாப்பாவத் தூக்கும். தெலுங்கு காதுல விழக்கூடாதுன்னு, வராதீகன்னு சொல்லிட்டேன். அவுக கோவிச்சுக்கிட்டாக, அப்புறம் பேச்சே இல்ல. பாப்பாவ வெளிய தூக்கிட்டுப் போறதில்ல, வெளிய போனா பெங்காலி. சன்னலச் சாத்தி வச்சிருவேன். நானும் அவளுந்தான். காலைல இருந்து ராத்திரி வரைக்கும் பேசுவேன். இது சொம்பு, இது கரண்டி, இது அடுப்புன்னு."

"ரெண்டு வருஷமா?"

"ஆமா மேடம்."

பேசச் சொன்னது நான். சன்னலைச் சாத்தச் சொன்னது நான் இல்லை என்று எனக்குள்ளே ஒரு வக்கீல் உடனே எழுந்து நின்றார். அவரை உட்காரச் சொன்னேன். 'வீட்டில் ஒரே மொழி' என்று சீல் வைத்து எழுதிக் கொடுத்தால், சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸில் ஒரு பெண் அதைச் சன்னலைச் சாத்தித்தான் நிறைவேற்ற முடியும்.

அப்போது மலர்விழி பேசினாள். என் மேஜையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே, கணீரென்று, "யாத்ரீகண் க்ருப்யா த்யான் தே" என்று தொடங்கி, ஒரு ரயில் எத்தனை மணி தாமதம் என்பதை இந்தியில் சொன்னாள். அதையே வங்காளத்தில் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள், அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று முடித்தாள். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை, ஒலிபெருக்கியின் இழுவை உட்பட.

"ஸ்டேஷன் மைக்கு," என்றாள் செல்வி. "சன்னலச் சாத்தினாலும் கேக்குது மேடம். அத மட்டும் என்னால நிப்பாட்ட முடியல. அதனாலதான் ஆகலையோ என்னமோ."

ஐந்து பாஷையில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திணறுவதாக நான் சீல் வைத்த குழந்தை, மூன்று பாஷையை மூடிய சன்னல் வழியாகவே பிடித்து வைத்திருந்தது. அம்மா என்று கூப்பிடத்தான் தெரியவில்லை.

"லட்சுமியக்கா மகன் சீனுவும் இதே காலனிலதான் மேடம் வளர்றான். இதே அஞ்சு பாஷை. அவன் அஞ்சுலயும் என்னையத் திட்டுறான்." செல்வி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன், அவனுக்கு மட்டும் எப்பிடி வந்துச்சுன்னு. நீங்க படிச்சவுக, உங்களுக்குத் தெரியாதான்னு கேக்காம விட்டுட்டேன்."

அன்று ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். வெளியே கூட்டம் கதவைத் தட்டியது. பொம்மையைக் காட்டினேன், குமிழி ஊதினேன், ஒளிந்துகொண்டு கூப்பிட்டேன், கீழே விழுந்து அழுவதுபோல் நடித்தேன். குழந்தை எந்த இடத்திலும் என் முகத்தைத் தேடவில்லை. குமிழி வேண்டியிருந்தபோது என் கையைப் பிடித்து டப்பா மேல் வைத்தாள்.

6. புது டிக்கெட் இரண்டு ரூபாய்

டயக்னாஸிஸ் என்றால் பெரிய டாக்டர் கையெழுத்து வேண்டும். பழைய டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"ஆட்டிசமா? அரே பாபா, அது அமெரிக்காவுல பணக்காரங்க வீட்ல வர்றது. எம்.ஆர்.னு போடு, ஊனமுற்றோர் சர்டிபிகேட் வாங்கறது சுலபம்," என்றார். பிறகு டிக்கெட்டைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் கனிந்துவிட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இதை ஏன் தூக்கிட்டு அலையறே? நம்மகிட்ட காப்பியா இருக்கு? புது டிக்கெட் ரெண்டு ரூபா. புதுக் கேஸுன்னு எழுதிடு, இதைக் கிழிச்சுக் குப்பைல போடு. பொண்டாட்டி சரியாச் செய்யலைன்னு புருஷனே சொல்றான். உனக்கென்ன போச்சு?"

நான் யோக்கியசிகாமணி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நேரே கவுன்ட்டருக்குப் போனேன், இரண்டு ரூபாய் கொடுத்தேன், புது டிக்கெட் வாங்கினேன். நடந்து வரும்போதே மனசுக்குள் எழுதியும் முடித்துவிட்டேன். ஆட்டிசம், முதல் வருகை. இதனால் குழந்தைக்கு என்ன நஷ்டம்? இனிமேல் செய்யவேண்டியதைச் செய்யத்தானே போகிறோம்? என் பெயரும் கெடாது, ஆஸ்பத்திரி பெயரும் கெடாது. நம்ம டாக்டரம்மா நம்ம டாக்டரம்மாவாகவே இருக்கலாம்.

அறைக்குள் நுழையும்போது முருகேசன் மனைவியிடம் அடிக்குரலில் சொல்லிக்கொண்டிருந்தார், "இன்னிக்காவது மேடம்கிட்ட உண்மையச் சொல்லித் தொலை."

செல்வி எழுந்து நின்றாள். "தப்பு என் மேலதான் மேடம். இடைவிடாமப் பேசணும்னு எழுதியிருந்தீக. துணி தொவைக்கும்போது மட்டும் பேச மாட்டேன். மூச்சு வாங்கும், அதான். தினம் ஒரு மணி நேரம் இருக்கும். அந்த நேரமும் பேசியிருந்தா பாப்பா பேசியிருப்பாளா?"

புது டிக்கெட்டை மேஜை டிராயரில் போட்டு மூடினேன். பழையதை எடுத்து, என் பழைய கையெழுத்துக்குக் கீழேயே எழுதினேன்: மேலே உள்ளது தவறு. குழந்தைக்கு இருப்பது ஆட்டிசம். அறிகுறிகள் அனைத்தையும் தாய் முதல் வருகையிலேயே சரியாகச் சொன்னார், நான் கவனிக்கவில்லை. தேதி, கையெழுத்து, சீல். எழுதியதைத் தமிழில் முருகேசனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

"உங்க மனைவி மேல எந்தத் தப்பும் இல்லை. இது பாஷையால வர்றதில்லை. நான் சொன்னதைத்தான் இவங்க செஞ்சாங்க. நான் சொன்னதுதான் தப்பு."

"அப்ப இந்த ரெண்டு வருஷம்?"

"போச்சு. என்னாலதான் போச்சு."

அவர் கத்தினார். வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். நீயெல்லாம் ஒரு டாக்டரா என்றார், நான் டாக்டர் இல்லை என்பது அப்போதுதான் சௌகரியமாக நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தேன். கத்தி முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

செல்வி கத்தவில்லை. "அப்ப நான் பேசாததுனால இல்லையா மேடம்?" என்றாள்.

"இல்லம்மா."

"துணி தொவைக்கிறப்ப?"

"அதனால இல்லை."

டிக்கெட்டை வாங்கி, அவளால் படிக்க முடியாத அந்த ஆங்கில வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாலன்னு இதுல எங்கயும் எழுதலையே?" என்றாள்.

"எழுதலைம்மா," என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். குழந்தையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். குழந்தை அம்மாவின் வளையலை எண்ணிக்கொண்டிருந்தது.

பெரிய டாக்டர் அந்த டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டார், படிக்காமல். அவரிடம் எனக்குப் பிடித்த ஒரே பழக்கம் அது.

மலர்விழிக்கு வாரம் இரண்டு நாள் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். செல்வி சன்னலைத் திறந்தாள், லட்சுமியக்கா வீட்டுக்குத் தானே போய் நின்று மன்னிப்புக் கேட்டாள், மாஸியும் திரும்ப வந்தார். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. மலர்விழி எட்டு வயதில் விரல் நீட்டித் தண்ணீர் கேட்டாள். பத்து வயதில் அம்மா என்றாள், அதுவும் ஏதோ ஒரு நாள், பிறகு பல நாள் இல்லை. மூன்று வயதிலேயே ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை வைத்துக்கொண்டுதான் நான் இன்னும் பல வருஷம் வேலை பார்த்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். டெஸ்ட் பெட்டியெல்லாம் இப்போது முழுசாகவே கிடைக்கிறது, அதைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? உங்கள் கண்டுபிடிப்பை எழுதுவதற்கு முன்னால், அம்மா சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வியாதியின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், இது உங்களால் வந்ததில்லை என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள், வீட்டுக்குப் போய்ச் சன்னலைச் சாத்திக்கொள்வார்கள். செல்வி என்னிடம் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.